அவருக்காக எடுத்த கூரைகள்

என் கணவர் இருபத்தாறு வருடங்கள் மொன்றியலில் கூரை வேலை செய்தவர். நாங்கள் முதலில் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு வசந்த காலத்தில், பனி உருகும் நேரம், கூரை ஒழுகத் தொடங்கியது. திருத்த வந்தவர்களுக்கு அன்று ஒரு ஆள் குறைவு. வேலை இல்லாமல் வீட்டில் இருந்த இவர், நான் வரட்டுமா என்று கையால் சைகை காட்டிக் கேட்டுவிட்டு ஏணியில் ஏறினார். அதிலிருந்து இறங்க இருபத்தாறு வருடங்கள் ஆயின.

அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய உடுப்புகள்தான். தார் மணம் போகாத காற்சட்டைகளை மற்ற உடுப்புகளோடு கலக்காமல் தனியாகத் தோய்ப்பேன். வேலை முடிந்து வருவார், வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றுவார், குளிப்பார், சாப்பிடுவார், செய்தி பார்ப்பார். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "என்ன, வேலைதான்" என்பார். நான் ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் செய்கிறவள். நாள் முழுக்க அறுபது பிள்ளைகளின் சத்தம் காதில் இருக்கும். வீட்டிலாவது ஒருவர் பேசாமல் இருக்கிறாரே என்று நானும் விட்டுவிட்டேன். அவர் குறைவாகப் பேசும் மனிதர் என்று என் மனதில் எழுதி வைத்துவிட்டேன். ரொக்ஸ்பரோவில் வீடு வாங்கி வந்த பிறகும் அப்படியேதான் இருந்தது.

பிறகு கழுத்து வலி வந்தது. முதலில் கை விரல்கள் விறைத்தன. பிறகு சுத்தியலைப் பிடிக்க முடியவில்லை. கழுத்து எலும்புகள் தேய்ந்து நரம்பை நெரிக்கின்றன என்று சொல்லி, மூன்று எலும்புகளைத் தகடு வைத்துப் பூட்டினார்கள். வலி போய்விட்டது. ஆனால் கழுத்து மேலே நிமிராது. பக்கவாட்டில் கொஞ்சம் திரும்பும், கொஞ்சம் குனியும். அண்ணாந்து பார்க்க மட்டும் முடியாது. தேநீரின் கடைசி வாயைக் குடிக்க இடுப்பிலிருந்து முழு உடம்பையும் பின்னால் வளைப்பார். நாடிக்குக் கீழே சவரம் செய்வதற்கு நான்தான் உதவி. கோயிலுக்குப் போனால் கார் நிறுத்தும் இடத்தின் அந்தக் கரையில் போய் நிற்பார். அங்கே நின்றால்தான் கோபுரம் கண்ணுக்கு நேராக வரும். வீட்டில் ரீவியைச் சுவரிலிருந்து கழற்றி ஒரு தாழ்வான பலகையில் வைத்தோம்.

வேலையை விட்டதை அவர் யாருக்கும் சொல்லிக்கொள்ளவில்லை. பதினெட்டு வருடம் இவரோடு ஒரே கூரையில் நின்ற ஒரு கியூபெக்காரர் இருந்தார். அவர்தான் சுத்தியலும் கத்திகளும் கிடந்த இவருடைய ஆயுதப் பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார். "நித்திரை எண்டு சொல்லும்" என்று இவர் கதிரையில் இருந்தபடியே சொன்னார். நான் அப்படியே சொன்னேன். நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு அழைப்பு வரவில்லை.

எங்கள் ஒரே மகள் அப்போது பீஜிங்கில் ஒரு பாடசாலையில் பிரெஞ்சு படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் கைபேசித் திரையில் வந்து, வாருங்கோ, வாருங்கோ என்பாள்.

"அவ்வளவு தூரம் வந்து நான் என்னத்தைப் பிள்ளை பாக்கிறது? என்ர கழுத்துக்குச் சப்பாத்தைத்தான் பாக்கலாம்" என்றார் இவர்.

"அப்ப சப்பாத்தையே பாருங்கோ அப்பா. நான் இஞ்ச இருக்கப்போறது இந்த வருசம் மட்டும்தான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. செப்ரெம்பரில் புறப்பட்டோம்.

மகள் எங்களை முதலில் கூட்டிப்போனது பழைய அரண்மனைக்கு. சீனச் சக்கரவர்த்திகள் பல நூறு வருடங்கள் இருந்த இடம். வாசல், முற்றம், மண்டபம், மறுபடி வாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். தெற்கு வாசலால் போனால் வடக்கு வாசலால்தான் வெளியே வரலாம். கடவுச்சீட்டைக் காட்டி உள்ளே நுழைவதற்குள்ளேயே இவருக்குக் களைத்துவிட்டது. எங்களுக்கு முன்னால் கொடி பிடித்த வழிகாட்டிகளும் தொப்பி போட்ட கூட்டங்களும். உள்ளே எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மஞ்சள் ஓடு வேய்ந்த கூரைகள், வெயிலில் நெய் தடவியதுபோல மினுங்கின. தூரத்தில் நின்றபோது அவருக்கும் தெரிந்தன. கிட்டப் போகப் போக அவருடைய கண்ணிலிருந்து கூரை மேலே ஏறிப் போய்விட்டது.

"எப்பிடி அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"ஆக்களின்ர முதுகு நல்லா இருக்கு."

மகளின் முகம் வாடியது. தன்னுடைய கமராவை என் கையில் தந்து, "அம்மா, அப்பாவை இந்த மண்டபத்துக்கு முன்னால வச்சு ஒண்டு எடுங்கோ" என்றாள். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும் நீளமான வில்லை பூட்டிய கமரா அது. எனக்கு அதைப் பிடிக்கவே பழக்கமில்லை. அவரை நிறுத்தி எடுத்தேன். பல் வைத்தியரிடம் வந்தவர் மாதிரி நின்றார். வில்லையின் வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் திருப்பியதில், அவருடைய தலை போய், மேலே இருந்த கூரை விளிம்பு திரை முழுக்க வந்துவிட்டது. அதையும் அழுத்திவிட்டேன்.

"எடுத்தனீரோ? காட்டும்" என்று அலுப்போடு கையை நீட்டினார். பார்த்தார். வழக்கமாக ஒரு படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறவர், இதைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"உது என்ன, இந்த விளிம்பில? ஒவ்வொரு ஓட்டிலயும் ஒரு சின்னக் குமிழ் இருக்கு?"

நான் அண்ணாந்து பார்த்தேன். விளிம்பு வரிசை ஓடுகளில் ஒவ்வொன்றின் மேலும் ஒரு தொப்பி மாதிரி ஏதோ இருந்தது. "தெரியேல்லை. வடிவுக்கு வச்சிருப்பினம்" என்றேன்.

"வடிவுக்கு இல்லை. இன்னொருக்கா எடும். கிட்ட. கொஞ்சம் இடக்கைப் பக்கம்."

எடுத்தேன். "கை ஆடியிருக்கு. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு எடும்." எடுத்தேன். "ம்ம். இது சரி. பாத்தீரே? சரிவில ஓடு முழுக்கக் கீழ இறங்கப் பாக்கும். எல்லாப் பாரமும் கடைசி வரிசைக்குத்தான் வரும். அதால அந்த வரிசைக்கு மட்டும் ஆணி அடிச்சிருக்கிறான். ஆணிக்குத் தொப்பி போடாட்டி அதாலேயே தண்ணி இறங்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நாங்கள் இருவரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அந்த நாள் வேறு நாளாகிவிட்டது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் போய் நிற்போம். அவர் நேரே பார்த்தபடி நிற்பார். நான் அண்ணாந்து நின்று, என்ன தெரிகிறது என்று சொல்வேன். விளிம்புக்குக் கீழே மரக் கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருக்கின்றன, பச்சையும் நீலமுமாக நிறம் பூசியிருக்கிறார்கள், பறவை கூடு கட்டாமல் இருக்க வலை போட்டிருக்கிறார்கள் என்பேன். "நிறம் கிடக்கட்டும். ஒரு கட்டை மற்றக் கட்டையில எங்க இருக்குது எண்டு பாரும்" என்பார். எடுத்துக் காட்டினால், வெளியே நீண்டு நிற்கும் கூரைப் பாரத்தை அந்தக் கட்டைகள் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூணுக்குக் கொண்டுபோகின்றன என்று தன் விரல்களை ஒன்றோடொன்று கோத்துக் காட்டுவார். கடந்து போன ஒரு சீனப் பெரியவர் நின்று, அந்த விரல்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பெரிய மண்டபத்தின் கூரை மூலைகளில் சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக இறங்கி வந்தன. மகள் கைபேசியில் வாசித்தாள். முன்னால் கோழியில் ஏறியிருக்கும் ஒரு மனிதன், பின்னால் விலங்குகள். எத்தனை விலங்குகளோ அவ்வளவுக்குக் கட்டடத்தின் மதிப்பு. இந்த மண்டபத்துக்கு மட்டும்தான் பத்து.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அவர் பத்தையும் எண்ணினார். பிறகு சொன்னார்:

"மதிப்பு பேந்து வந்திருக்கும். முதல்ல உதுக்குக் கீழயும் ஆணிதான் இருந்திருக்கும். மூலைதான் எப்பவும் சரியிற இடம்."

"அப்பா, எல்லாத்துக்கும் ஆணி எண்டு சொல்லாதேங்கோ."

"தேடிப் பார்."

அவள் ஒரு தூணில் சாய்ந்து நின்று தேடினாள். இரண்டு, மூன்று நிமிடம் வாசித்தாள். கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "ஓம் அப்பா. ஆணியை மூடத்தானாம் தொடங்கினது" என்றாள். அவருடைய நடையில் ஒரு துள்ளல் வந்தது.

மதியத்துக்குப் பிறகு வானம் கறுத்தது. அந்தப் பெரிய மண்டபம் மூன்று அடுக்கு வெண்பளிங்கு மேடையில் நிற்கிறது. ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் கல்லில் செதுக்கிய தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. யாளிபோல அகன்ற வாய், உள்ளே துளை. கீழ் அடுக்குத் தலைகள் அவருடைய கண்ணுக்கு நேராக இருந்தன. அந்த அரண்மனையில் என் உதவி இல்லாமல் அவர் பார்த்த முதல் வேலைப்பாடு அவைதான். ஒரு வாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மழை தொடங்கியது. முற்றம் முழுக்க நின்ற சனம் வாசல்களுக்குக் கீழே ஓடியது. நாங்களும் ஓடினோம்; திரும்பிப் பார்த்தால் அவர் வரவில்லை.

"அப்பா!" என்று மகள் கத்தினாள். அவர் கையை உயர்த்தி, நில்லுங்கோ என்று காட்டினார்.

நான் கமராவை என் குளிர்ச்சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, குடையோடு அவரிடம் போனேன். சப்பாத்து நனைந்துவிட்டது. எனக்குக் கோபம். "காய்ச்சல் வரப்போகுது. என்ன பாக்கிறியள்?"

"பொறும். இப்ப வரும்."

மழை இறுகியது. மேல் அடுக்கிலிருந்த ஒரு வாயிலிருந்து முதலில் சொட்டியது. பிறகு நூல்போல ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் வரிசையாக எல்லா வாய்களிலிருந்தும் தண்ணீர் விழுந்தது. மேல் அடுக்கின் தண்ணீர் நடு அடுக்குக்கு, அது கீழ் அடுக்குக்கு, அங்கிருந்து முற்றத்துக்கு. அவர் ஓர் எட்டு விலகி நின்று முற்றத்தின் தளத்தைப் பார்த்தார்.

"எங்கயாவது தண்ணி நிக்குதோ எண்டு பாரும். ஒரு இடத்திலயும் நிக்கேல்லை. இவ்வளவு பெரிய இடத்தில! எங்கட ஆக்கள் சின்னக் கடைக் கூரை ஒண்டு செய்தாலே நடுவில ஒரு குளம் நிக்கும். எடும், எடும்."

குடையை அவர் பிடித்தார், நான் எடுத்தேன். அவருடைய கண்ணாடியில் மழைத்துளி நிறைந்திருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்கு நினைவில்லை. திருமணமான நாளிலிருந்து அவருடைய வேலையில் எனக்கு ஒரு பங்கு கிடைத்தது அன்றுதான் என்று அப்போது நினைத்தேன். அந்த எண்ணம் என்னைச் சந்தோசப்படுத்தியது. கொஞ்சம் வெட்கப்படவும் வைத்தது.

காய்ச்சல் வரவில்லை. அங்கிருந்த பத்து நாட்களில் இன்னும் இரண்டு தடவை அதே அரண்மனைக்குப் போனோம். மகள் பெருஞ்சுவரைக் காட்ட ஆசைப்பட்டாள். "சுவரில கூரை இல்லையே பிள்ளை" என்று இவர் தட்டிக் கழித்துவிட்டார். பிரியும்போது விமான நிலையத்தில் அவள், "இந்தக் கமராவை நீங்களே கொண்டுபோங்கோ அம்மா" என்று என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

ரொக்ஸ்பரோவுக்குத் திரும்பியபோது இலைகள் நிறம் மாறியிருந்தன. கமராவில் தொள்ளாயிரம் படங்கள். அவற்றை ரீவியில் பார்க்க வழி செய்து கொடுத்தேன். நான் கார்டெரியிலிருந்து வரும்போது அவர் அந்தத் தாழ்வான ரீவிக்கு முன்னால் இருப்பார். விளிம்புகள் ஒரு பக்கம், மூலைகள் ஒரு பக்கம், தண்ணீர் போகும் வழிகள் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்திருந்தார். பார்க்கும்போது உதடு அசையும். யாருக்கோ விளக்கம் சொல்வதுபோல. எனக்குச் சொல்லலாம்தான். ஆனால் நான் கேட்கும் கேள்விகள் சிறுபிள்ளைக் கேள்விகள். அவருக்குப் போதவில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை காலை, பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். "அவனுக்கு ஒருக்கா ஃபோன் அடிச்சுப் பாருமன்" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

"நீங்களே அடியுங்கோ. நான் அந்த மனிசனுக்குச் சொன்ன பொய் காணும்."

கொஞ்ச நேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்து, "நாளைக்கு வாறானாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அந்தக் கியூபெக்காரர் ஒரு கூடை ஆப்பிளோடு வந்தார். அகன்ற தோள், நரைத்த தாடி, தலையைத் தாழ்த்தி வாசலில் நுழையும் உயரம். கை கொடுப்பதா, கட்டிப் பிடிப்பதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். அவருடைய பார்வை இவருடைய கழுத்துத் தழும்புக்குப் போனது. இவர் அதைக் கவனித்துவிட்டு, "போன்ஜூர், இரு, ஒரு சாமான் காட்டவேணும்" என்று பிரெஞ்சில் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார். நலம் விசாரிப்பதெல்லாம் அதோடு முடிந்தது.

நான் தேநீரும் றோல்சும் வைத்துவிட்டு ஒரு ஓரத்தில் இருந்தேன். முதல் பத்துப் படங்களுக்கு விருந்தாளி பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. பதினோராவது படத்தில் கதிரையை விட்டு எழுந்து, திரைக்குக் கிட்டப் போய், ஒரு இடத்தில் விரலை வைத்தார். இரண்டு ஓடுகளுக்கு நடுவில் ஒரு புல் முளைத்திருந்தது. எடுத்த எனக்கே அது தெரியாது.

"இங்கே ஒழுகும்" என்றார்.

"ஒழுகாது. கீழே களிமண் தடிப்பாகப் போட்டிருப்பார்கள்" என்றார் இவர்.

"களிமண் என்றால் இன்னும் மோசம். வேர் உள்ளே போகும்."

"நீ அங்கே போய் நின்று பார்த்தாயா?"

"நீதான் நின்றாய், புல்லைப் பிடுங்காமல் வந்திருக்கிறாய்!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு மணி நேரம் ஓயவில்லை. மேலே வளைந்த அந்த மூலைகளை மொன்றியலில் கட்டினால் முதல் குளிர்காலத்திலேயே பனிக்கட்டி பிடித்து உடைத்துவிடும் என்று ஒருவர். இல்லை, சரிவு போதும், வழுக்கிவிடும் என்று மற்றவர். இவருடைய பிரெஞ்சு கூரையில் கற்ற பிரெஞ்சு. எனக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் அது தண்ணீர் மாதிரி ஓடியது.

வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு விருந்தாளி என் பின்னால் சமையலறைக்கு வந்தார். "மேடம், இந்தப் பேச்சை வீட்டில் எப்படித்தான் தாங்குகிறீர்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பேச்சை?"

"இவனுடைய பேச்சைத்தான். மேலே காலையில் தொடங்கினால் மாலை வரைக்கும் வாய் மூட மாட்டான். பிரெஞ்சு முடிந்தால் ஆங்கிலம், அதுவும் முடிந்தால் உங்கள் மொழி. எங்கள் எல்லோருக்கும் ஒரு சொல் பழக்கிவிட்டான்." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல்லைச் சொன்னார்: "கவனம்." நாக்கு புரளாமல், ஆனால் சரியான இடத்தில் அழுத்திச் சொன்னார்.

நான் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வீட்டில் அவர் பேசுவதே இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன். "நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் அவர் நித்திரையாக இருக்கவில்லை. நான் பொய் சொன்னேன். மன்னிக்கவேண்டும்."

"தெரியும். காலை பத்து மணிக்கும் நித்திரை, பின்னேரம் நாலு மணிக்கும் நித்திரை என்றால் யார் நம்புவார்கள்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "கடைசி நாளில் கூரையில் விரிக்கும் பாரமான தார்த்தாள் சுருளைத் தூக்கச் சொன்னது நான்தான். அதனால்தான் என்னோடு பேசவில்லை என்று நினைத்தேன்."

"அது இருபத்தாறு வருடத் தேய்வு. ஒரு நாளில் வந்ததல்ல. வைத்தியர் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினவர்."

அவர் தலையாட்டினார். நம்பினாரோ தெரியாது. உள்ளேயிருந்து இவர், "எங்கே போய்விட்டாய்? அடுத்த படம் வந்துவிட்டது!" என்று சத்தம் போட்டார். விருந்தாளி கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனார்.

விருந்தாளி புறப்பட்டுப் போனதும் நான் நேரே கேட்டுவிட்டேன். "மேல நிண்டு அவ்வளவு கதைக்கிற மனிசன், வீட்டில ஏன் இவ்வளவு காலமும் வாய் திறக்கேல்லை?"

அவர் ஆப்பிள் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "மேல கதைச்சுக்கொண்டே இருக்கோணும். குனிஞ்சு வேலை செய்யேக்க மற்றவன் எங்க நிக்கிறான் எண்டு தெரியாது. பின்னுக்கு ஒரு எட்டு வச்சா வெறும் வெளி. சத்தம் கேட்டாத்தான் ஆள் இருக்குது எண்டு விளங்கும். நாள் முழுக்கக் கத்திப்போட்டு வந்தா வாய் உளையும்." ஒரு கடி கடித்தார். "வீட்டில நீர் எங்க நிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும்தானே."

நான் மீதி றோல்சை மூடி வைத்தேன்.

இப்போது அந்தக் கியூபெக்காரர் மாதத்தில் ஒரு தடவையாவது வருவார். தனியாகச் சின்ன வேலைகள் எடுத்துச் செய்கிறார். சிக்கலான மூலை வந்தால் கூரையில் நின்றபடியே படம் எடுத்து இவருக்கு அனுப்புவார். இவர் சமையலறை மேசையில் கைபேசியை வைத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உடனே கூப்பிடுவார். அந்தப் பக்கம் காற்றும் சுத்தியலும் கேட்கும். அதற்கு மேலால் இவர் கத்துவார். அடுப்பில் பருப்பு வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும் எனக்குச் சில நாட்களில், கொஞ்சம் மெதுவாகக் கதையுங்கோ, பக்கத்து வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.